இருபத்தெட்டாவது கூறு

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து பன்னிரண்டு நாளாகிறது. ஒன்பது பக்கம். நம் உரக்கடை மேசையில், வேப்பம்புண்ணாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த வாசனைகூடக் காகிதத்தில் ஏறியிருக்கும். போனில் இரண்டு தடவை கேட்டாய், எப்படி இருக்கிறது, சந்தோஷம்தானே என்று. லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. இன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகத்தான் வரும். ஆபீசுக்கு நடந்துகொண்டே படிக்காதே. ஓரிடத்தில் உட்கார்ந்து படி.

உன் அம்மா இப்போது வீட்டில் இல்லை. கூடுவாஞ்சேரியில் உன் தங்கை வீட்டில் இருக்கிறாள். பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை. அவள் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துவிட்டுப் போகவில்லை. இரண்டு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டு, புடவைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று சொன்னாள்: "எல்லாத்தையும் அவனுக்கு எழுதுங்க. எழுதுனாதான் பந்தலுக்கு வருவேன். இல்லன்னா உங்க பக்கத்துல நின்னு நான் யாருக்கும் அட்சதை போடமாட்டேன்." உன் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. உனக்குக் கல்யாணம் கூடி வர வேண்டும் என்று திருவிடந்தைக் கோயிலுக்கு மாலை வாங்கிக்கொண்டு எத்தனை தடவை நடந்தவள் அவள் என்பது உனக்கே தெரியும். அப்படிப்பட்டவள் இப்படிச் சொல்கிறாள் என்றால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

உன் ஐரிஷ் சிநேகிதன் டோனலில் இருந்து ஆரம்பிக்கிறேன், இந்த வினை நமக்கு அவனிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டது. அவனைக் குறை சொல்லவில்லை. அயர்லாந்தில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக் கொடுத்த பையன், நன்றாக இருக்கட்டும். அவன் தன் குலத்தின் கதையைத் தேடுகிறான் என்று சொன்னாய். முதலில் சர்ச் பதிவேடு, பிறகு கல்லறைக் கல், பிறகு கப்பலேறிப் போனவர்களின் பட்டியல், கடைசியில் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பிச் செய்யும் டி.என்.ஏ. டெஸ்ட். அவன் முன்னோர் இரண்டு கிளையாகப் பிரிந்து, மாட்டுக்காக ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள் என்றாய். ஒரு கிளைக்காரர்கள் இன்னொரு கிளையின் வீட்டை, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கதவை வெளியே தாழ் போட்டுக் கொளுத்தினார்கள் என்றாய். கொளுத்தியவனின் வாரிசும் வெந்தவனின் வாரிசும் இந்த டெஸ்ட் மூலமாக ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, இப்போது கோடைக்குக் கோடை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்லும்போது உன் முகமெல்லாம் பூரிப்பு. நம் வகையறாவுக்கும் இப்படி ஒரு மரம் வரைய வேண்டும், கல்யாண மண்டப வாசலில் பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்றாய். அவர்களுக்கென்ன, கொளுத்தியவன் மண்ணோடு மண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது, சிரித்துக்கொண்டே சாப்பிடலாம். நான் வெட்டியவன் மாமல்லபுரத்தில் சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறான்.

ஆமாம், ஏழுமலையைத்தான் சொல்கிறேன். என் பெரியப்பா மகன், உனக்குப் பெரியப்பா. நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்திருந்தபோது, மரம் வரைவதற்கு என்னிடம் பெயர் கேட்டாய், நான் அவனை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரைச் சொன்னேன். பந்தியில் யாரோ உன்னிடம், மாமல்லபுரத்தில் உனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறாரே என்று போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நீ எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், அவன் கடையில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து ஊரைச் சுற்றிவிட்டு, திரும்பி வந்து நான் இன்னார் மகன் என்று சொல்லி, என்னைப் போலவே அவனையும் ஒரு குழாயில் துப்ப வைத்துவிட்டு வந்தாய். வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவனுக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை, கேட்டால் ஏதோ மெஷினில் மாட்டிக்கொண்டது என்றான், பாவம் நல்ல மனுஷன் என்றாய். அது மெஷின் இல்லை. நான்.

நம் குலதெய்வம் ஏரிக்கரைப் பனந்தோப்பில் இருக்கும் முனீஸ்வரன். உன்னை ஒருநாளும் பங்காளிகளோடு அங்கே அழைத்துப் போனதில்லை. கூட்டமில்லாத நாளாகப் பார்த்து நாம் மட்டும் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்துவிடுவோம். ஏனப்பா என்று கேட்டதற்கு, கூட்டம் எனக்கு ஆகாது என்றேன். ஆடி மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து அங்கே கிடா வெட்டுவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. கறியை எடை போடமாட்டார்கள். வாழையிலையை வரிசையாக விரித்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று கையாலேயே பிரித்து வைப்பார்கள். எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் இருக்க வேண்டும். வீடு நிறைய ஆள் இருப்பவனுக்கும் ஒரு கூறுதான், புதுமாப்பிள்ளைக்கும் ஒரு கூறுதான். எத்தனை கூறு போட வேண்டும் என்பதற்கு நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒரு தகர டப்பாவில் தலைக்கட்டுக்கு ஒரு புளியங்கொட்டை இருக்கும். ஒருவன் செத்தால் ஒரு கொட்டையை எடுத்து ஏரியில் எறிவார்கள். ஒருவனுக்குக் கல்யாணம் ஆனால் அவனே ஒரு கொட்டையைக் கொண்டுவந்து போடுவான். டோனலுக்குப் பதிவேடும் கல்லறையும் போல நமக்கு அந்த டப்பா.

அந்த வருஷம் தையில் எனக்குக் கல்யாணம். உன் அம்மாவுக்கு மூன்றாம் மாதம், நீ வயிற்றில். கிடா வெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் நானே போய் என் கொட்டையை டப்பாவில் போட்டேன். இருபத்தெட்டாவது கொட்டை. வழக்கமாகக் கூறு போடும் பெரியப்பா படுக்கையில் விழுந்துவிட்டதால் ஏழுமலை முதல்தடவையாகக் கூறு போட்டான். நான் முண்டாசு கட்டிக்கொண்டு, முதல் கூறு வாங்கப் போகும் பெருமையில் நின்றுகொண்டிருந்தேன். பேர் பேராகக் கூப்பிட்டான். ஒவ்வொருவராக வந்து இலையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். என் முறை வரும்போது இலையில்லை. இருபத்தேழு கூறுதான் போட்டிருந்தான். நான் எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன். எல்லார் எதிரிலும் அவனைத் திருடன் என்று கத்தினேன். என் கூறை உன் வீட்டுக்கு ஒதுக்கிவிட்டாய் என்றேன். அவன் முகம் செத்துப்போனது. பிறகு சொன்னான்: "உனக்கு இன்னாத்துக்குடா கூறு? எங்க ரத்தத்துக்குத்தான் கூறு. நீ யாருக்குப் பொறந்தன்னு போயி உங்க ஆத்தாவ கேளு."

இந்தப் பேச்சு எனக்குப் புதுசாக இருந்திருந்தால் ஒருவேளை சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டதோடு போயிருக்கும். என் அப்பா பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், வருஷத்துக்கு ஒருதடவை வருவார். அவர் வந்துவிட்டுப் போன எட்டாம் மாதம் நான் பிறந்தேன். குறைமாதக் குழந்தை, சோளக்கதிர் அளவுதான் இருந்தேன் என்று பிரசவம் பார்த்தவள் சொன்னாள். ஊர் வேறு கணக்குப் போட்டது. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் ஒருவன் எட்டு விரலைக் காட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக எனக்குள் இருந்த பயத்தை ஏழுமலை தோப்பில் எல்லார் காதிலும் போட்டான்.

நான் குனிந்து, மிச்சமிருந்த அவன் கூறைத் தூக்கப் போனேன். அவன் வலது கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். கறி நறுக்கிய கத்தி பக்கத்திலேயே கட்டைமேல் இருந்தது. யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னேன். அது பொய். கத்தியை எடுத்தபோது எங்கே வெட்டப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஒரே வெட்டு. எலும்பில் இறங்கும் சத்தம் ஆட்டுக்கும் மனுஷனுக்கும் ஒன்றுதான். மூன்று விரல் இலையில் விழுந்தது. அவன் கத்தவில்லை, கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை தோளில் போட்டேன், அப்போதுதான் கத்தினான். அவன் தம்பி விறகுக் கட்டையால் என் பின்மண்டையில் அடித்தான். மொபெட்டில் இருந்து விழுந்த தழும்பு என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறேனே, அது அந்த அடி. அங்கே ஒரு பெரியவர் குனிந்து, கறிக்கு நடுவே விரல்களைத் தேடி எடுத்துத் துண்டில் முடிந்தார். எது கறி, எது விரல் என்று அவர் தொட்டுத் தொட்டுப் பார்த்தது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து நான் கறி சாப்பிடுவதில்லை. உனக்குச் சொன்ன வயிற்றுப்புண் கதையும் பொய்தான்.

இதோடு முடிந்திருந்தால்கூட உன்னிடம் தலை நிமிர்ந்து பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆத்திரத்தில் ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையை வெட்டினான் என்றால் ஊரில் அதற்கு ஒரு மரியாதைகூட உண்டு. நான் கத்தியோடு வீட்டுக்கு ஓடினேன். தலையில் இருந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. என் அம்மா அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள், மகனுக்கு வரும் முதல் கூறைச் சமைக்க. நிமிர்ந்து என்னைப் பார்த்து, யாரோ என்னை வெட்டிவிட்டார்கள் என்று பதறி எழுந்து வந்தாள். அவள் தலைமயிரைப் பிடித்தேன். யாருக்குடி பெத்த என்றேன். என் தாயை டி போட்டுக் கேட்டேன். முகத்தில் குத்தினேன். முன்பல் இரண்டு விழுந்தது. கீழே விழுந்தவளை மிதித்தேன். உன் அம்மா குறுக்கே வந்தாள். மூன்றாம் மாதக்காரி. அவளையும் பிடித்துத் தள்ளினேன். நீ தப்பியது அவளுடைய அதிர்ஷ்டம், என்னுடைய நல்ல குணத்தால் இல்லை. என் அம்மா மண்ணில் கிடந்தபடியே, "உங்க அப்பனுக்குத்தான்டா பொறந்த" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் கேட்கவில்லை. சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணு என்றேன். சாமி மாடத்தில் இருந்த சூடத்தை எடுத்து, அவள் வலது உள்ளங்கையில் வைத்து நானே கொளுத்தினேன். சத்தியம் பண்ணுகிறவர்கள் எரியும் சூடத்தை உள்ளங்கையால் ஒரே தட்டில் தட்டி அணைப்பார்கள், அவ்வளவுதான் வழக்கம். நான் எரிந்து முடியும்வரை பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். தோல் பொசுங்கும் வாசனை வந்தது. உன் அம்மா சுவரோடு சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சூடம் கரியாகும்வரை என் அம்மா கையை உதறவில்லை. அதற்கப்புறம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? கை ஆடியது, நடுவில் கை ஆடியது, நீ பொய் சொல்கிறாய் என்றேன். இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள். சந்தேகப்படுகிறவனுக்கு எந்த அத்தாட்சியும் போதாது. ஒன்றைக் கொடுத்தால் அடுத்ததைக் கேட்பான். கேட்பதுதான் அவன் வியாதி.

மூன்று வருஷம் ஜெயிலில் இருந்தேன். நான் வெளியூரில் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்ததாக உனக்குச் சொன்ன வருஷங்கள் அவை. கோர்ட்டில் ஏழுமலை நடந்ததைச் சொன்னான், தான் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, என் வாயால் என் பிறப்பை ஊர் நடுவில் எப்படிச் சொல்வது? கறிக்கூறு தகராறில் வெட்டினான் என்று தீர்ப்பானது. நீ பிறந்ததும் உன் அம்மா உன்னைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஜெயிலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் உன்னைத் தூக்கிக் காட்டினாள். உன் அப்பன் என்ன பண்ணினான் என்று நினைக்கிறாய்? வைகாசி, ஆனி, ஆடி என்று விரலில் மாதம் எண்ணினான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் மாதா மாதம் வந்தாள். ஏன் வந்தாள் என்று நீ அவளைத்தான் கேட்க வேண்டும்.

விடுதலையாகி வந்தபிறகு என் அம்மா நம்மோடுதான் பதினோரு வருஷம் இருந்தாள். அவள் வலது கை மூடாது, இடது கையால் கரண்டி பிடிப்பாள். வடை சுடும்போது எண்ணெய் கொட்டியது என்று உனக்குச் சொன்னோம். அதைவிட ஒன்று உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் நீ கேட்டிருக்கிறாய், பாட்டி என்னை வாடா போடா என்கிறாளே, அப்பாவை மட்டும் ஏன் வாங்க போங்க என்கிறாள் என்று. நாங்கள் சிரித்து மழுப்பினோம். ஜெயிலில் இருந்து வந்த அன்று வாசலில் நின்று, "வாங்க, கை கால் கழுவிட்டு வாங்க, சாப்புடலாம்" என்றாள். நான் ஆடிப்போய்விட்டேன். பெற்ற தாய், ஒரே பிள்ளை. சாகும்வரை அப்படியேதான். சாப்பிடுங்க, தூங்குங்க, மருந்து வாங்கிட்டு வாங்க. ஒருநாள் காலில் விழுந்து, டா போட்டுக் கூப்பிடும்மா என்று அழுதேன். "எழுந்திருங்க" என்றாள். அவ்வளவுதான். உனக்குப் பதிமூன்று வயதாகும்போது போய்ச் சேர்ந்தாள். நான்தான் கொள்ளி வைத்தேன். கொள்ளியைக் கையில் வாங்கும்போதுகூட, இவள் யாருக்கு என்னைப் பெற்றாளோ என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. அழுகைக்கு நடுவே ஓடியது.

உன்னையும் நான் விட்டதில்லை. ஆறாவது படிக்கும்போது டியூஷனுக்குப் போனேன் என்றாய், நான் நம்பவில்லை. பெல்ட்டைக் கழற்றி முதுகில் அடித்துவிட்டு, உன்னை இழுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சாட்சி கேட்டேன். வந்தானே, முன்வரிசையில்தானே உட்கார்ந்திருந்தான் என்றார். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பரோட்டா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். முதலில் அடி, பிறகு விசாரணை, கடைசியில் பரோட்டா. இதுதான் உன் அப்பாவின் நீதி.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். எனக்குப் புரிய வேண்டும் என்று ஓரத்தில் தமிழில் எழுதி அனுப்பியிருந்தாய். ஆண்வழியில் தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கும் அடையாளம் ஒன்று இருக்கிறது, எனக்கும் ஏழுமலைக்கும் அது ஒன்றேதான், மற்ற பங்கையும் பார்த்தால் சொந்த அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவும் இருக்கிறது என்று எழுதி, பக்கத்தில் கைகுலுக்கும் பொம்மை போட்டிருந்தாய். என் அம்மா மண்ணில் கிடந்து சொன்னதை அயர்லாந்தில் இருந்து ஒரு காகிதம் வந்து சொல்கிறது. நியாயமாக நான் அதைப் பார்த்துத்தான் முதலில் உடைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. காகிதத்தைப் பிரித்ததும் என் விரல் தானாக வேறொரு வரிக்குப் போனது. உன் பெயருக்கு நேரே, தகப்பன் என்று என் பெயர் போட்டிருந்த வரிக்கு. அதைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டேன். முப்பத்து மூன்று வருஷம் கழித்து. உன் அம்மா எனக்குப் பின்னால் காபியோடு நின்றுகொண்டிருந்தாள். "பாத்துட்டீங்களா? இப்ப நிம்மதியா?" என்றாள். காபியை வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என்னோடு அதிகம் பேச்சில்லை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ வீடியோவில் வந்து, உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் வினோதினிக்கும் ஒரு குழாய் கொடுத்துவிட்டு வந்ததாகவும், அவள் மாட்டேன் என்கிறாள் என்றும் சொன்னாய். தன் உடம்பு சமாச்சாரம் எவனோ ஒரு கம்பெனிக்காரனிடம் கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லையாம். நியாயமான பேச்சு. நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "எல்லாரும் கொடுத்தாச்சு, அவளுக்கு மட்டும் மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நேரடியாவே கேட்டுட்டேன்பா. ரெண்டு நாளா போன் எடுக்கல" என்றாய். உன் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டதைக் கவனித்திருக்கமாட்டாய். போன் வைத்ததும் வந்து சொன்னாள்: "அது அவன் கேக்கல. நீங்க கேட்டது." மறுநாள் பையோடு கிளம்பினாள்.

அவள் போன இரண்டாம் நாள் நான் செங்கல்பட்டு போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் பஸ் ஏறினேன். ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் கடை. ஒரு வெள்ளைக்காரிக்கு சீட் உயரத்தைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான், ஸ்பானரை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்தான். ஸ்டூலைக் காலால் தள்ளி, ஒக்காரு என்றான். ரிப்போர்ட்டை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு என் பெயரையும் தன் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இது தெரிஞ்சதுதானே என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்போது அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"கொட்டைய எண்ணும்போது ஒண்ணு கைநழுவி இலைக்கடியில பூட்சிடா. கூறு போட்டு முடிச்சப்புறம்தான் கொட்ட கொறையுதுன்னு எனக்கே தெரிஞ்சிது. சரி, என் கூறுல பாதி அள்ளி உனுக்கு வெக்கலாம்னு நெனச்சிகினு கீறேன், நீ அத்தினி பேர் எதிர்ல திருடன்னு கத்துன. மொதமொத கூறு போட வந்தவன், தப்பா எண்ணிட்டேன்னு சொல்ல வெக்கமா பூட்சி. வாயில வந்தது அதான். வேணும்னு சொல்லல."

இதை அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே, ஜெயிலுக்காவது ஆள் விட்டிருக்கலாமே என்று நான் கத்தினேன். கத்த எனக்கென்ன யோக்கியதை? அவன் கோபப்படவில்லை. கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் அம்மா அவனைப் பார்க்கப் போயிருக்கிறாள். உதடு வீங்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு. அவன் நடந்ததைச் சொல்லி அழுதிருக்கிறான், நான் போய் அவனிடம் சொல்லிவிடுகிறேன் சித்தி என்றிருக்கிறான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "நான் கையில நெருப்ப வெச்சிகினு சொன்னேன், நம்பல. நீ சொல்லி நம்புவானா? அப்படி நம்புனா எனுக்கு அது தேவையில்ல." அவள் கேட்டுக்கொண்டதால் அவன் முப்பத்து மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. நீ போய் விரலைப் பற்றிக் கேட்டபோதும் மெஷின் என்று சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறான்.

அவன் உன் கல்யாணத்துக்கு வருவான். பந்தக்கால் நட நீ கூப்பிட்டாயாம், அதற்கும் வருவான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். அவன் சொன்ன வார்த்தையையும் உனக்கு எழுத வேண்டும், சித்தியைப் பற்றி அப்படிப் பேசியவன் என்று தெரிந்தபிறகும் நீ கூப்பிட்டால்தான் வருவான். எழுதிவிட்டேன். கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். உன் மரத்தையும் வரைந்துகொள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஆண் பெயருக்குக் கீழே ஆண் பெயராக இறங்கிக்கொண்டே போகிறாயே, அந்த ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு பெண் நின்று, நான் சொல்வதை நம்பு என்று சொல்லியிருக்கிறாள். அதை எந்தக் கம்பெனியும் குழாயில் போட்டு அனுப்பாது.

உனக்கு என்மேல் ஆத்திரம் வரும். வரட்டும், திட்டு. மேடையில் அம்மா பக்கத்தில் நான் நிற்க வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல், நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டு பின்னால் இருந்துவிடுகிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன். அதெல்லாம் அப்புறம். முதலில் வினோதினிக்குப் போன் போடு. எடுக்கவில்லை என்றால் எடுக்கும்வரை போடு. நீ கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேள், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மழுப்பாதே. பிறகு இந்தக் கடிதத்தை அவளுக்கு அனுப்பு, ஒரு வரி விடாமல். எந்த வீட்டுக்குள் கால் வைக்கப் போகிறோம் என்று தாலி ஏறுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும். என் அம்மாவுக்கும் உன் அம்மாவுக்கும் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. படித்துவிட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொன்னாலும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடு. ஏன் என்று மட்டும் அவளைக் கேட்காதே.